ஏழு அட்டெம்ப்ட்... மூணு பாஸ்!

முதல்ல ஒரு மார்க் ஷீட்டைப் பாருங்க.

2015 - பாஸ். 36-வது ரேங்க்.
2016 - அவுட். பரீட்சை முடியறதுக்கு முன்னாடியே வெளியே.
2017 - பாஸ். 47-வது ரேங்க்.
2018 - பாஸ். 34-வது ரேங்க்.
2019 - அவுட்.
2020 - பாதியிலேயே மொத்த டீமும் வாபஸ்.
2021 - ஹால்ல இருந்து ஹெலிகாப்டர்ல ஆஸ்பத்திரிக்கு!

ஏழு அட்டெம்ப்ட், மூணு பாஸ், நாலு அரியர். இப்படி ஒரு மார்க் ஷீட்டை எடுத்துட்டு வீட்டுக்குப் போனா என்ன நடக்கும்? அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெச்சுட்டு, 'பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு'னு ஆரம்பிப்பார். அம்மா சாமி ரூமுக்குப் போயிடுவாங்க. ஆனா பாஸ், இந்த மார்க் ஷீட்டுக்குச் சொந்தக்காரர் பேரைச் சொன்னா, இந்தியாவுல பைக் ரேஸ் தெரிஞ்ச அத்தனை பேரும் எழுந்து நின்னு சல்யூட் அடிப்பாங்க.

அவர் பேர் சி.எஸ்.சந்தோஷ். பெங்களூரு ஆள். பரீட்சை பேர் 'டக்கார் ரேலி'. பைக்ல அதை ஓட்டி முடிச்ச முதல் இந்தியர் இவர்தான்!

'சரி, இதை எதுக்கு இப்ப எங்ககிட்ட சொல்றே?'ங்கறீங்களா... காரணம் இருக்கு. செமஸ்டர் கடைசி பேப்பர் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன், 'மச்சி, தனுஷ்கோடி போலாமா?'னு கொளுத்திப் போடுவான். பத்து நிமிஷத்துல எட்டு பைக், பதினாறு பேர் ரெடி. மதுரை, திருச்சி, கோவைனு எல்லா ஊர் காலேஜ்ல இருந்தும் பாம்பன் பாலத்தைத் தாண்டி எங்க ஊர்ப் பக்கம் வர்றீங்க. வாங்க, சந்தோஷம்! ஆனா முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினதும், ரெண்டு பக்கமும் கடல், நடுவுல நூல் பிடிச்ச மாதிரி நேர் ரோடுனு பார்த்ததும் உங்களுக்குள்ள ஒரு ரேஸர் முழிச்சுக்கறான் பாருங்க... அவன்கிட்டதான் நான் பேசணும்.

உங்களுக்குள்ள இருக்கற அந்த ரேஸருக்கு, நிஜ ரேஸர் ஒருத்தரோட வாழ்க்கையை அறிமுகப்படுத்தலாம்னுதான் இந்த வாரம்!

வழி தப்பியவர் கண்டுபிடிச்ச பந்தயம்

டக்கார் பொறந்த கதையே சூப்பர். தியரி சபீன்னு ஒரு ஃபிரெஞ்சுக்காரர். 1977-ல் ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு ரேலியில் பைக் ஓட்டிட்டுப் போனவர், பாலைவனத்துல வழி தப்பிட்டார். அநேகமா முடிஞ்சுது கதைங்கற நேரத்துல காப்பாத்திட்டாங்க. நீங்களும் நானுமா இருந்தா அதுக்கப்புறம் மெரினா பீச் மணல்ல கூட கால் வைக்க மாட்டோம். அந்த மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? 'நான் பட்டதை எல்லாரும் அனுபவிக்கணும்'னு அதையே ஒரு பந்தயமா மாத்திட்டார்! 1978 டிசம்பர் 26-ம் தேதி பாரிஸ்ல இருந்து கிளம்பின வண்டிகள், ஆப்பிரிக்காவோட மேற்குக் கோடியில இருக்கற செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரை நோக்கிப் போச்சு. அந்த ஊர் பேரே பந்தயத்துக்கு நிலைச்சுடுச்சு.

பயங்கரவாத மிரட்டலால 2008 பந்தயம் ரத்தாச்சு. அதுக்கப்புறம் 2009-ல் இருந்து 2019 வரைக்கும் தென் அமெரிக்கா. 2020-ல் இருந்து சவுதி அரேபியா. இடம் மாறினாலும் பேர் மட்டும் டக்கார்தான்!

ரூல் இதுதான். ரெண்டு வாரம். ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர். மணல் மேடு, பாறை, மலை, காய்ஞ்ச ஏரினு எல்லாம் வரும். பைக் இன்ஜின் 450 சிசிக்கு மேல இருக்கக் கூடாது. நம்ம ஊர்ல அதைவிடப் பெரிய பைக்ல டீக்கடைக்குப் போறவங்க இருக்காங்க!

முக்கியமான மேட்டர் இன்னொண்ணு... மேப் கிடையாது. 'முன்னூறு மீட்டர்ல வலது பக்கம் திரும்பவும்'னு சொல்ற அக்கா குரலும் கிடையாது. 'ரோட்புக்'னு ஒண்ணு கொடுப்பாங்க. சந்தோஷ் போன காலத்துல அது காகிதச் சுருள். ஹேண்டில்பார் மேல ஒரு பெட்டியில மாட்டிக்கிட்டு, ஓட்டிக்கிட்டே உருட்டி உருட்டிப் படிக்கணும். இத்தனையாவது கிலோ மீட்டர்ல இத்தனை டிகிரி திரும்பு, இங்கே பள்ளம், இங்கே ஆபத்துனு குறியீடா இருக்கும். முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து கலர் பேனாவால அண்டர்லைன் பண்ணுவாங்க. எக்ஸாமுக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் நோட்ஸ்ல நாம பண்ற அதே வேலை! வித்தியாசம், இங்கே ஒரு வரியை விட்டா ரெண்டு மார்க் போகும். அங்கே ஒரு வரியை விட்டா ஆளே போயிடலாம்.

36 ஏன் பெருசு?

சந்தோஷ் ஆரம்பிச்சது மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ்ல. மண்ணைக் குவிச்சு மேடு கட்டி, அதுல பைக்கை வானத்துக்குத் தூக்கிக் குதிக்கிற பந்தயம். நம்ம ஓசூர் டி.வி.எஸ். ரேஸிங் டீமுக்காகத்தான் பல வருஷம் ஓட்டினார். தேசிய சாம்பியன் பட்டங்கள் வாங்கினார். அப்படியே செட்டில் ஆகியிருந்தா உள்ளூர்ல ராஜா. யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டாங்க.

ஆனா அவர் பாலைவனத்துக்குப் போனார். 2013-ல் அபுதாபி டெசர்ட் சேலஞ்ச். மணல் மேட்டுல விழுந்தார். பைக் தீப்பிடிச்சுது. கழுத்துல தீக்காயம். முதல் பாடமே நெருப்புல!

அடுத்த ரெண்டு வருஷத்துக்குள்ள, 2015 ஜனவரியில, அர்ஜென்டினா தலைநகர் போனஸ் அயர்ஸ்ல டக்கார் ஸ்டார்ட் மேடையில நிக்கறார். அர்ஜென்டினா, சிலி, பொலிவியா... மூணு நாடு. சுமார் 9,000 கி.மீ. பொலிவியாவில் உயுனினு ஒரு உப்புப் பாலைவனம் இருக்கு. கடல் மட்டத்துல இருந்து 3,600 மீட்டருக்கு மேல. ஊட்டியை விட ஒண்ணரை மடங்குக்கும் மேல உயரம். அந்த வருஷம் பார்த்து அங்கே மழை! உப்பும் தண்ணியும் கலந்து இன்ஜின்ல, ஒயர்ல எல்லாம் ஏறிடுச்சு. முன்னணியில இருந்த ஸ்பெயின் வீரர் ஹோன் பரேடாவோட பைக்கே அங்கேதான் மக்கர் பண்ணி, கோப்பை கையை விட்டுப் போச்சு.

கிளம்பின பைக்குகள்ல ஏறக்குறைய பாதிதான் திரும்ப போனஸ் அயர்ஸ் வந்து சேர்ந்துது. அதுல ஒண்ணு சந்தோஷோடது. 36-வது இடம். ஜெயிச்சவர் ஸ்பெயினோட மார்க் கோமா. ரெண்டாவது போர்ச்சுகலோட பாவ்லோ கொன்சால்வஸ். (இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் வர்றார்.)

கோப்பை இல்லை. ஆனா 'இந்தியாவுல இருந்து ஒருத்தன் டக்காரை முடிக்க முடியும்'ங்கற ஒரு வரியை எழுதிட்டு வந்தார். அதுக்கு முன்னாடி அந்த வரி கிடையாது. முதல் பாஸ் மார்க் வாங்கறவனோட 36, நூறாவது ஆள் வாங்கற சென்டத்தை விடப் பெருசு ஃப்ரெண்ட்ஸ்!

பிரேக் இல்லாத பைக்கும் வேன் டிரைவர் அண்ணனும்

இப்போ கொஞ்சம் சப்ஜெக்ட். மெக்கானிக்கல் பசங்க நிமிர்ந்து உட்காருங்க, மத்தவங்களும் ஓடாதீங்க, ஈஸிதான்.

தார் ரோட்டுல டயர் பிடிச்சுக்கிட்டு ஓடும். மணல்ல பிடிக்க ஒண்ணும் இல்லை. அதனால டயர் மிதக்கணும். படகு மாதிரி. வேகம் குறைஞ்சா படகு முழுகாது, ஆனா பைக் முழுகும்! பயந்துபோய் முன் பிரேக்கை அமுக்கினா, மொத்த வெயிட்டும் முன் வீலுக்கு வரும். முன் வீல் மணல்ல மண்வெட்டி மாதிரி இறங்கும். வண்டி நிக்கும். நீங்க நிக்க மாட்டீங்க... ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவீங்க.

அதனாலதான் டக்கார்ல எல்லாரும் ஃபுட்ரெஸ்ட் மேல எழுந்து நின்னு, உடம்பைப் பின்னாடி தள்ளி, ஆக்ஸிலரேட்டரை ஒரே சீரா வெச்சு ஓட்டறாங்க. கண்ணு முன் வீலைப் பார்க்காது, தூரத்தைப் பார்க்கும். ஸ்டைலுக்காக இல்லை பாஸ், பிசிக்ஸ்!

இந்தக் கலையோட இன்னொரு எல்லை, 'ஸ்பீட்வே'ங்கற பந்தயம். 1920-கள்ல ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, இங்கிலாந்து, போலந்து, ஸ்வீடன்னு பரவினது. அங்கே பைக்குக்குப் பிரேக்கே கிடையாது! 500 சிசி, ஒரே கியர், பெட்ரோலுக்குப் பதிலா மெத்தனால். நாலு பேர், நாலு ரவுண்டு, எல்லாத் திருப்பமும் இடது பக்கம்தான். ஒருத்தன் பிரேக் அடிச்சா பின்னாடி வர்றவன் அவன் மேல ஏறிடுவான்ங்கறதால பிரேக்கையே எடுத்துட்டாங்க. அப்போ எப்படித் திரும்பறது? பின் வீலை வேணும்னே வெளிப்பக்கமா சறுக்க விட்டு, முன் வீலை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்ஸிலரேட்டராலயே திருப்பறாங்க. சுமார் ஒரு நிமிஷத்துல ரேஸ் ஓவர். 1936-ல் லண்டன் வெம்ப்ளியில் முதல் உலக சாம்பியன்ஷிப் ஃபைனல் நடந்துது. ஆஸ்திரேலியாவோட லயனல் வான் பிராக் ஜெயிச்சார்.

'நம்ம கோயமுத்தூர்லயே கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கே?'னு கேட்கற கொங்கு மக்களே... பேர்ல ஸ்பீட்வே. ஆனா அது தார் ட்ராக். மண்ணுல சறுக்கற ஸ்பீட்வே வேற!

ஒரு நிமிஷம் ஓடற ஸ்பீட்வேக்கும் ரெண்டு வாரம் ஓடற டக்காருக்கும் அடிப்படை ஒண்ணுதான். தரை உன் பேச்சைக் கேட்காது, நீதான் தரையோட பேச்சைக் கேட்கணும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது உலக சாம்பியன் யாரும் இல்லை. தனுஷ்கோடியில வேன் ஓட்டின ஒரு அண்ணன். இப்ப நீங்க சர்ர்ர்னு போற ரோடு 2017 ஜூலையிலதான் திறந்தாங்க. முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் சுமார் 9.5 கி.மீ. அதுக்கு முன்னாடி மணல்லயும் கடல் தண்ணியிலயும் வேன்லதான் போகணும். "அண்ணே, எப்படிண்ணே பொதையாம ஓட்டுனீங்க?"னு கேட்டேன்.

"தம்பி, டயர்ல காத்தைக் கொறைச்சு வெச்சுக்கிருவோம். டயர் அகலமாகி மணல் மேல உக்காரும். நின்னா பொதைஞ்சிரும், பறந்தா கவுந்துரும். ஒரே சீராப் போகணும். முக்கியமா, நேத்து போன தடத்துல இன்னிக்குப் போகக் கூடாது. ராத்திரி காத்து மணலை மாத்திப் போட்ரும். தெனம் புதுசாப் பார்க்கணும்" என்றார்.

காற்றழுத்தத்தைக் குறைச்சா தரையைத் தொடற பரப்பு கூடும், அழுத்தம் பரவும்... இதுக்கு நாம ஒரு செமஸ்டர் எடுத்துக்கறோம். அண்ணன் நாலு வரியில முடிச்சுட்டார்!

விழுந்தவனைப் பார்த்தா நில்

சந்தோஷ் கதைக்கு வருவோம். 2017-ல் ஹீரோ நிறுவனம் டக்காருக்கு டீம் இறக்கினப்போ அதுல அவரும் இருந்தார். 47-வதா முடிச்சார். 2018-ல் 34. மூணு பாஸ்ல இதுதான் பெஸ்ட். 2019-ல் பெருவில் விழுந்தார். அவுட்.

2019-லேயே அந்த டீமுக்கு ஒரு பெரிய ஆள் வந்தார். மேலே சொன்னேனே, 2015-ல் ரெண்டாவதா வந்த பாவ்லோ கொன்சால்வஸ்... அவரேதான். 2013-ல் ரேலி உலக சாம்பியன். ஆனா ரேஸ் உலகம் அவரை ஞாபகம் வெச்சிருக்கறது வேற ஒரு விஷயத்துக்கு. 2016 டக்கார்ல அவர் முன்னணியில இருந்த நேரம். வழியில ஆஸ்திரியாவோட மத்தியாஸ் வால்க்னர் கால் உடைஞ்சு கிடக்கறார். கொன்சால்வஸ் பைக்கை நிறுத்திட்டு, உதவி வர்ற வரைக்கும் கூடவே இருந்தார். டக்கார்ல அப்படி நிக்கறவங்களுக்கு, நின்ன நேரத்தைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. ஆனா நிக்கற அந்த நிமிஷத்துல யாரும் கணக்குப் பார்க்க மாட்டாங்க.

2020 ஜனவரி 12. சவுதி அரேபியா, ஏழாவது நாள். கொன்சால்வஸ் விழுந்தார். அப்போ பின்னாடி வந்து நின்னவர் அதுக்கு முந்தின வருஷ சாம்பியன், ஆஸ்திரேலியாவோட டோபி பிரைஸ். கொன்சால்வஸைக் காப்பாத்த முடியலை. வயசு 40. மறுநாள் பைக் பந்தயத்தையே ரத்து பண்ணினாங்க. ஹீரோ டீம் மொத்தமா வாபஸ். அந்த டீம்லயே இருந்த ஹோவாகிம் ரோட்ரிகஸ், கொன்சால்வஸோட நெருங்கிய சொந்தக்காரர். மார்க் ஷீட்ல 'வாபஸ்'னு ஒரு வார்த்தைக்குப் பின்னாடி இருக்கறது இதுதான்.

அடுத்த வருஷம் சந்தோஷ் திரும்பவும் போனார். 2021 ஜனவரி 6, நாலாவது நாள். விழுந்தார். ஹெலிகாப்டர்ல ரியாத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. டாக்டர்கள் மருந்து கொடுத்து கோமாவுல வெச்சிருந்தாங்க. இங்கே பெங்களூருல அவர் குடும்பம், நாடு முழுக்க பைக் பசங்க... எல்லாரும் போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. கண் முழிச்சார். ஊர் திரும்பினார். மெல்ல தேறி வந்தார். அதோட அவரோட டக்கார் கணக்கு நின்னுடுச்சு.

கவனிங்க... இவங்க யாரும் ஹெல்மெட் போடாதவங்க இல்லை. குடிச்சுட்டு ஓட்டினவங்க இல்லை. வருஷம் முழுக்க அதுக்காகவே பயிற்சி எடுத்தவங்க. கழுத்துக்கு, நெஞ்சுக்கு, முட்டிக்குனு கவசம். மேலே ஹெலிகாப்டர். பக்கத்துல டாக்டர். வண்டியில ஆபத்து பட்டன். அவ்வளவும் இருந்தே இந்தக் கதி. அரிச்சல்முனை ரோட்டுல நம்மகிட்ட என்ன இருக்கு? ஒரு கூலிங் கிளாஸ், ஒரு செல்போன், பின்னாடி வீடியோ எடுக்கற ஒரு நண்பன்!

அரியர் வெச்சவர் திறந்த கதவு

'அப்போ ரேஸே வேணாம்னு சொல்றியா?' இல்லவே இல்லை. ரோட்டுல வேணாம்னுதான் சொல்றேன்.

சந்தோஷ் திறந்த கதவு வழியா எத்தனை பேர் போனாங்க பாருங்க. கர்நாடகாவோட கே.பி.அரவிந்த், 2019-ல் டக்காரை 37-வதா முடிச்சார். கேரளா ஷொரணூர்ப் பையன் ஹரித் நோவா, 2021-ல் 20-வது. 2024-ல் அதே ஹரித், ஒட்டுமொத்தமா 11-வது இடம், 'ரேலி 2' பிரிவுல முதல் இடம்! டக்கார்ல ஒரு பிரிவை ஜெயிச்ச முதல் இந்தியர். அவர் ஓட்டினது 'ஷெர்கோ டி.வி.எஸ்.' டீமுக்கு. நம்ம ஓசூர் கம்பெனியும் ஃபிரான்ஸ் கம்பெனியும் சேர்ந்து நடத்தற டீம். அதே 2024-ல் ஹீரோவோட பைக்ல போட்ஸ்வானா வீரர் ராஸ் பிராஞ்ச் ஒட்டுமொத்தமா ரெண்டாவது வந்தார்.

36-ல் ஆரம்பிச்ச கணக்கு, ஒன்பதே வருஷத்துல 11-க்கு வந்திருக்கு. அந்த 36 இல்லைனா இந்த 11 இல்லை.

சந்தோஷ் சும்மா இல்லை. கோலார் பக்கத்துல 'பிக் ராக்'னு மண் ட்ராக் ஆரம்பிச்சு, புதுப் பசங்களுக்கு மண்ணுல ஓட்டக் கத்துக்கொடுக்க வழி பண்ணியிருக்கார். ரோட்டுல வீலிங் பண்ற கையை ட்ராக்குக்குக் கொண்டு வர்றதுதான் அங்கே நடக்கற வேலை.

நம்ம ஊருக்கும் பழைய பெருமை இருக்கு. சோழவரம் பழைய விமான ஓடுபாதையில பல பத்து வருஷமா ரேஸ் நடந்திருக்கு. உங்க தாத்தாகிட்ட கேட்டா கண்ணு விரியும். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்துது. 2003-ல் கோவை ட்ராக். முறைப்படி லைசென்ஸ் எடுத்து, புதுமுகப் பிரிவுல இறங்கி, இந்த ட்ராக்ல ஓட்டலாம். ஹெல்மெட், லெதர் சூட், டாக்டர் சர்டிஃபிகேட், வீட்டுச் சம்மதம்... எல்லாம் கேட்பாங்க. கேட்கறதுதான் நல்லது!

ஓட்டத் தெரியாதவங்களுக்கும் இடம் இருக்கு. ஒரு ரைடர் பாலைவனத்துல ஓடறார்னா, பின்னாடி ராத்திரி முழுக்க இன்ஜினைப் பிரிச்சு மாட்டற மெக்கானிக், சஸ்பென்ஷன் செட் பண்ற இன்ஜினீயர், டேட்டா பார்க்கறவர், பிசியோனு ஒரு பட்டாளமே முழிச்சிருக்கு. 2007-ல் இருந்து நடக்கற 'பாஹா' போட்டியில, ஸ்டூடன்ட்ஸே டிசைன் பண்ணி, வெல்டிங் பண்ணி, மண்ணுல ஓடற வண்டி செஞ்சு காட்டறாங்க. உங்க காலேஜ்ல டீம் இருக்கானு விசாரிங்க. இல்லைனா ஆரம்பிங்க. அரியர் இருக்கறவங்களைச் சேர்க்கறதில்லைனு மட்டும் ரூல் போட்டுடாதீங்க... சந்தோஷ் மார்க் ஷீட் ஞாபகம் இருக்கட்டும்!

மறுபடி தனுஷ்கோடிக்கு...

நீங்க எப்படியும் வரத்தான் போறீங்க. அதனால லோக்கல் ஆளா ஆறே பாயின்ட்.

ஒண்ணு: காத்து. ஆனி, ஆடியில பக்கவாட்டுல இருந்து அடிக்கற காத்து பைக்கைத் தள்ளிக்கிட்டுப் போகும். இறுக்கிப் பிடிச்சா ஆட்டம் கூடும். வேகத்தைக் குறைங்க.

ரெண்டு: ரோட்டு மேல மணல். காத்து கொண்டு வந்து மெலிசா விரிச்சு வெச்சிருக்கும். ஆழமான மணலை விட இதுதான் டேஞ்சர். டயருக்கும் தாருக்கும் நடுவுல பால் பேரிங் போட்ட மாதிரி. தூரத்துலயே பார்த்து, முன்னாடியே வேகம் குறைச்சு, வண்டியைச் சாய்க்காம நேரா, மணல் மேல பிரேக் தொடாம கடந்துடுங்க. 'கண்ணு தூரத்தைப் பார்க்கணும்'ங்கற டக்கார் பாடம் இங்கேதான் உதவும்.

மூணு: ரோட்டை விட்டு மணல்ல பைக்கை இறக்காதீங்க. பொதைஞ்சா தள்ளறதுக்கு உள்ளூர் ஆட்கள் வருவாங்க, அது வேற. ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் இந்தக் கரையில பங்குனி ஆமைகள் முட்டை போடும். மணலுக்குக் கீழே இருக்கறது மேலே ஓட்டற உங்களுக்குத் தெரியாது. 2025 ஜூன்ல தனுஷ்கோடியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாவும் அறிவிச்சிருக்காங்க. அவ்வளவு தூரம் பறந்து வர்ற விருந்தாளி முன்னாடி சைலன்ஸரைக் கழட்டிட்டு உறுமாதீங்க ப்ளீஸ்!

நாலு: ரோட்டுல ரேஸ் விட்டா சட்டப்படி 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம் அல்லது மூணு மாசம் வரைக்கும் ஜெயில். ட்ராக் லைசென்ஸ் எடுக்கற வழியைப் பாருங்க.

அஞ்சு: யாராவது விழுந்து கிடந்தா நில்லுங்க. டக்கார்ல கோப்பையையே விட்டுட்டு நின்னிருக்காங்க. நமக்கு என்ன போகப்போகுது, ஒரு சூரிய அஸ்தமன போட்டோவா? 108-க்கு அடிங்க. நல்ல மனசோட உதவி பண்றவங்களுக்கு 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துலயே பாதுகாப்பு இருக்கு.

ஆறு: அந்த உடைஞ்ச சர்ச், ரயில்வே ஸ்டேஷன் சுவர் பக்கத்துல ஒரு நிமிஷம் வண்டியை ஆஃப் பண்ணுங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பன்ல இருந்து கிளம்பின பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கின நேரத்துல புயல் அலை அதை அப்படியே வாரிக்கிட்டுப் போச்சு. நூறு பேருக்கு மேல. ஒருத்தரும் வந்து சேரலை. இந்த மண்ணுல 'வந்து சேர்றது'ங்கற வார்த்தைக்கு எடை ஜாஸ்தி. எங்க ஊர்ப் பாட்டிங்க இப்பவும் யாரையும் 'போயிட்டு வா'னுதான் அனுப்புவாங்க, 'போ'னு மட்டும் சொல்லவே மாட்டாங்க.

டக்கார்ல ஜெயிக்கறவர் ஒருத்தர்தான். ஆனா கடைசி நாள் மேடையில ஏறி மெடல் வாங்கறது, முடிச்ச அத்தனை பேரும். முதல் ஆளுக்கும் மெடல், கடைசி ஆளுக்கும் மெடல். ஏன்னா வந்து சேர்ந்தவங்க எல்லாருமே அங்கே ஜெயிச்சவங்க.

அரிச்சல்முனையில ரோடு முடியுது. அசோகத் தூண் வெச்ச ரவுண்டானா. அதுக்கு மேல கடல். அங்கே எத்தனை நிமிஷத்துல போய்ச் சேர்ந்தீங்கனு யாரும் ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பார்க்கறதில்லை. ஆனா எட்டு பைக்ல பதினாறு பேரா போனவங்க, பதினாறு பேரா திரும்பி வந்தாங்களானு பதினாறு வீட்டுல எண்ணிக்கிட்டு இருப்பாங்க.

36-வதா வாங்க... ஆனா வந்து சேருங்க!

அடுத்த வாரம் வேற ஒரு மேட்டரோட மீட் பண்ணுவோம். வர்ட்டா!